ஒட்டடை ஒரு பாக்கெட்

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஏணி போட்டு ஏறி, மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு, வீடு பூரா ஒட்டடை அடிச்சீங்க. பரண் மேல, ஃபேன் மேல, சாமி படத்துக்குப் பின்னால, ஒரு மூலை பாக்கி இல்லை. சிலந்தி மாசக்கணக்கா உக்காந்து கட்டின வீடு, தொடப்பத்துல ஒரே சுத்துல சுருண்டு குப்பைக்குப் போயிட்டுது. நல்ல நாள் பெரிய நாள், செய்யவேண்டியதுதான். ஆனா அந்த மாசம் முடியறதுக்குள்ளே அதே வாசல்ல நின்னு ஒரு பாக்கெட்டைப் பிரிச்சு, வெள்ளையா எதையோ இழுத்து இழுத்துக் கிரில் கம்பியில மாட்டறீங்க. என்னா கண்ணு அதுன்னு கேட்டா, "ஒட்டடை தாத்தா, ஆன்லைன்ல வந்துச்சு"ன்னு பதில்.

காசு குடுத்து வாங்கின ஒட்டடையைக் குத்தம் சொல்ல எனக்குப் படிப்பு பத்தாது. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா எங்க பரண்ல இருந்ததைப் பாதி வெலைக்குக் குடுத்திருப்பேன். சிலந்தியையும் சேர்த்து.

நான் காவேரிப்பட்டினத்துப் பக்கத்து ஆளு. அவரையும் பரங்கியும் போட்டு அறுத்தவன். முழங்கால் சொன்ன பேச்சு கேக்காமப் போனதும் பையன் கூட்டியாந்து பிரேசர் டவுன்ல மூணாவது மாடியில உக்கார வெச்சுட்டான். அக்டோபர் 31-ஆம் தேதி சாயங்காலம் பேய்ங்க லிப்டுல வரும், காலிங் பெல் அடிக்கும், சாக்லேட்டு வாங்கிக்கிட்டு "தேங்க்யூ தாத்தா"ன்னு சொல்லிட்டுப் போகும்ங்கறதெல்லாம் இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க ஊர்ப் பேய்ங்களுக்கு இவ்வளவு மரியாதை வராது. இந்த வருசம் அபார்ட்மெண்ட் பிள்ளைங்க கூடி, குப்பை கம்மியா ஹாலோவீன் கொண்டாடப் போறோம், யோசனை சொல்லுங்கன்னு வீடு வீடாக் கேட்டுக்கிட்டிருக்குதுங்க. அதை ஊருக்குத் தெரிவிக்க கேட்டுல ஒரு பேனரும் கட்டியிருக்குதுங்க. ஃப்ளெக்ஸ் பேனர். அதைப் பார்த்ததும் எனக்கும் நாலு வார்த்தை சொல்லத் தைரியம் வந்துட்டுது.

மொதல்ல நீங்க வாசப்படியில வெக்கற ரப்பர் எலியைப் பத்திப் பேசிடுவோம்.

இந்த ஊரே எலிக்குப் பயந்து கட்டினது, தங்கம். 1898-ல பெங்களூருக்குள்ள பிளேக் வந்துது. ஆயிரக்கணக்குல சனம் செத்துது. மிஞ்சினவங்க வீட்டைப் போட்டது போட்டபடி ஓடினாங்க. கண்டோன்மெண்ட்ல நெருக்கியடிச்சுக் கெடந்த சனத்தைப் பிரிச்சு, காத்தும் வெளிச்சமும் வர்ற மாதிரி, எலி ஒண்ட எடமில்லாத மாதிரி புதுசா ஒரு ஊரு கட்டணும்னு வெள்ளைக்காரன் முடிவு பண்ணினான். 1906-ல அஸ்திவாரக் கல்லு, 1910-ல திறப்பு விழா. மைசூர்ல ரெசிடெண்டா இருந்த ஸ்டூவர்ட் பிரேசர் பேரை வெச்சாங்க. பிளேக் அண்டாத ஊரையும் வீட்டையும் எப்படிக் கட்டறதுன்னு ஜே. எச். ஸ்டீபன்ஸ்ங்கற முனிசிபல் அதிகாரி 1914-ல ஒரு புத்தகமே போட்டார். அகல வீதி, வீட்டுக்கு வீடு எடைவெளி, பின்னால துப்புரவு ஆளுங்க வந்து போக ஒரு சந்து. எல்லாம் எலிக்காகப் பண்ணின ஏற்பாடு.

இவ்வளவு பாடுபட்டு எலியை வெளியில தள்ளின ஊர்ல, நூறு வருசத்துக்கு மேல ஆனப்புறம், நீங்க காசு குடுத்து எலி வாங்கியாந்து வாசப்படியில உக்கார வெக்கறீங்க. ஸ்டீபன்ஸ் தொரை ஆவியா வந்தார்னா நம்ம பிளாக்குக்குத்தான் மொதல்ல வருவார். எலி வேணும்னா ரப்பர் எலியே தேவையில்லை. அந்தத் துப்புரவுச் சந்து அங்கங்க இன்னும் இருக்குது. நவம்பர் ஒண்ணாந்தேதி காலையில பேப்பர் தட்டு, தின்னு மிச்சம் வெச்ச கேக்கு, பரங்கிச் சக்கை எல்லாத்தையும் ஒரே கவர்ல கட்டி அங்க எறிஞ்சு பாருங்க. நிஜ எலி குடும்பத்தோட வந்து சேரும். டெலிவரி சார்ஜும் கெடையாது.

பயமுறுத்தறதுக்குச் செலவு பண்ணணும்னு உங்களுக்கு யார் சொன்னது? உங்க அப்பா அம்மாவைக் கேளுங்க, 1990-ஐ ஒட்டின வருசங்கள்ல இதே பெங்களூர்ல ஒரு பேய் ரொம்பப் பிரபலம். ராத்திரியில கதவைத் தட்டும். வீட்டு ஆளுங்க குரல்லயே கூப்பிடும். தொறந்தவன் கதை முடிஞ்சுதுன்னு பேச்சு. வீதிக்கு வீதி நடுங்கிச்சு. அதுக்குச் சனம் என்னா பண்ணிச்சு? புகை மெஷின் வாடகைக்கு எடுக்கலை, கண்ணு சிமிட்டற மண்டையோடு வாங்கலை. கதவுல கன்னடத்துல 'நாளே பா'ன்னு எழுதி வெச்சுது. நாளைக்கு வான்னு. பேய் வரும், படிச்சுப் பார்க்கும், சரின்னு போயிடும். மறுநாள் வந்தாலும் அதே எழுத்து, அதே பதில். மளிகைக் கடையில 'இன்று ரொக்கம் நாளை கடன்'னு எழுதிப் போட்டு நம்மளத் திருப்பி அனுப்பினாரே கடைக்காரர், அவர்கிட்ட அனுபவப்பட்டவங்க கண்டுபிடிச்ச வைத்தியமாத்தான் இருக்கணும். மொத்தச் செலவு அரைத் துண்டு சாக்பீஸு. 2018-ல இந்திக்காரங்க இந்த மாதிரிக் கதையை வெச்சு 'ஸ்த்ரீ'ன்னு படம் எடுத்து நல்லா சம்பாதிச்சாங்க. சாக்பீஸ் வாங்கின நமக்குப் பங்கு வரலை.

அதனால வாசல் அலங்காரத்துக்கு என் யோசனை: வீட்டுக்கு ஒரு சாக்பீஸு. கதவுல அவங்கவங்க பேய்க்குச் சொல்ற சாக்கை எழுதட்டும். 'ஐயா ஆபீஸ் கால்ல இருக்கார், அப்புறம் வரவும்'னு எழுதலாம். செகரட்டரி வீட்டுக் கதவுல 'மெயிண்டனன்ஸ் கட்டின பேய்க்கு மட்டும் அனுமதி'ன்னு எழுதினா, அதைப் படிச்சுட்டு பாதி குடித்தனக்காரங்களே அந்தப் பக்கம் போகமாட்டாங்க. மறுநாள் ஈரத்துணியால தொடைச்சா தீந்துது.

அடுத்தது பரங்கிக்காய். இதுல நான் கொஞ்சம் வேகமாப் பேசுவேன், பொறுத்துக்கங்க. வெளைவிச்சவன்.

இந்தப் பண்டிகை ஆதியில அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடியானவங்களுது. அறுப்பு முடிஞ்சு குளிர் எறங்கற ராத்திரியில செத்தவங்க வந்து போவாங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை. நெலத்துல கெடந்த டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு, உள்ள வெளக்கை வெச்சாங்க. பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போனவங்க, அங்க அதைவிடப் பெருசா, குடையறதுக்கும் லேசாப் பரங்கி கெடைச்சதும் அதுக்கு மாறிட்டாங்க. அவங்க காலடியில எது வெளைஞ்சுதோ அதுதான் பேய்மூஞ்சி. நீங்க என்னடான்னா, ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு ஆட்டோ புடிச்சா முழுப் பரங்கி மடியில வந்து விழுற ஊர்ல உக்காந்துக்கிட்டு, ஃபோம்ல செஞ்ச பரங்கியைக் கப்பல்ல வரவழைக்கறீங்க. அதுல சிலது உண்மையான பரங்கியைவிட லட்சணமா இருக்குதுன்னு ஒத்துக்கறேன். குழம்பு வெச்சாத்தான் கொஞ்சம் வேகாது.

நம்ம பழக்கம் மட்டும் ரொம்ப யோக்கியம்னு சொல்ல வரலை. ஆயுத பூஜைக்கு என்னா பண்றோம்? சாம்பல் பூசணியில ஓட்டை போட்டு, குங்குமமும் சில்லறையும் திணிச்சு, வண்டிக்குச் சுத்தி நடுரோட்டுல போட்டு ஒடைக்கறோம். பின்னால பைக்குல வர்றவன் அதுல வழுக்கி விழறான். அவனுக்கு யார் கண்ணு பட்டுது, யார் பூசணி ஒடைக்கறது? ரோட்டுல ஒடைக்காதீங்கப்பான்னு வருசா வருசம் போலீஸும் கார்ப்பரேஷனும் தொண்டை தண்ணி வத்தக் கத்துது. கே.ஆர். மார்க்கெட்டுப் பக்கம் மறுநாள் போனீங்கன்னா விக்காத பூசணியும் வாழைக்கன்னும் குமிஞ்சு கெடக்கும். அமெரிக்காக்காரன் பரங்கியை நாலு நாளு வெச்சு அழகு பார்த்துட்டு எறியறான். நாம நாலு செகண்டுல முடிச்சுக் குடுத்துடறோம். வேகத்துல நாமதான் வல்லரசு.

ஆனா நம்ம ஆளுங்க ஒண்ணு சரியாப் பண்ணினாங்க. கட்டிக்கிட்டிருக்கிற வீட்டு முன்னால பூசணியில கண்ணும் மீசையும் கோரைப் பல்லும் எழுதித் தொங்க விடுவாங்க, பார்த்திருப்பீங்க. அதுல கத்தி படாது. எழுதறதோட சரி. காம்போட இருக்கிற முத்தின பரங்கியோ பூசணியோ காத்தாட வெச்சா மாசக்கணக்குல கெடாது. எங்க வீட்டுல ஒரு பக்கம் அடுக்கி வெச்சு ஒண்ணொண்ணா எடுப்போம். கத்தி பட்டுதோ, அதுக்கு நாள் குறிச்சாச்சு. அதுலயும் பெங்களூர் அக்டோபர் மழை ஈரத்துக்கு ரெண்டாம் நாளே பூஞ்சை புடிக்கும், மூணாம் நாள் ஈ குடியேறும். அதனால கரியால வரைங்க, சுண்ணாம்பால வரைங்க, எழுதின மூஞ்சியைக் கழுவிட்டு அடுத்த வாரம் சாம்பாருக்கு அறுங்க. குடைஞ்சாத்தான் ஆச்சுன்னு அடம் புடிக்கிற பிள்ளைங்க 31-ஆம் தேதி மத்தியானம் குடையட்டும், அதுக்கு முன்னால வேணாம். சதையை உடனே சமையலுக்கு எடுத்துடணும். கொட்டையைக் கழுவிக் காய வெச்சு வறுக்கணும். உள்ள வெக்கறதுக்கு மெழுகுவத்தி வாங்க ஓட வேணாம், தீபாவளி அகல் எல்லார் வீட்டுலயும் அலமாரிக்கு அடியில கெடக்கும். 2024-ல தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள்ல வந்துதே, நெனப்பிருக்கா? கீழ பசங்க பேய் வேசத்துல மத்தாப்பு கொளுத்திக்கிட்டிருந்தானுங்க. நரகாசுரனே வந்திருந்தாலும் கூட்டத்துல யாரும் கண்டுபுடிச்சிருக்க முடியாது.

"பரங்கி மக்கற பொருள்தானே தாத்தா, குப்பையில போட்டா என்னா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுது. கெட்டிக்காரப் பொண்ணு. அதுக்குப் பதில் சொல்லணும்னா எங்க ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசைக் கூப்பிடணும். ஏரிச் சேத்துப் பக்கம் ராத்திரியில திடுக்குன்னு ஒரு தீ எழும்பும், அலையும், அடங்கும்னு சொல்லுவாங்க. அதுக்குப் பயந்து அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டோம். பள்ளிக்கூட வாத்தியார்தான் சொன்னார், சேத்துக்குள்ள காத்துப் புகாம எலைதழை அழுகினா ஒரு வாயு வரும், மீத்தேன்னு பேரு, அது பத்திக்கும்னு. இப்போ ஏரியெல்லாம் லேஅவுட்டு ஆயிட்டுது, அந்தப் பிசாசு குப்பைமேட்டுக்குக் குடிமாறிட்டுது. பிளாஸ்டிக்குக்கு அடியில அமுங்கிக் காத்தில்லாம அழுகற உங்க பரங்கியில இருந்து வர்றதும் அதே மீத்தேன்தான். செடிக்கு அடியில, மண்ணுல, காத்துப்பட மக்கினா எரு. மேட்டுக்கு அடியில மாட்டினா பிசாசு. காயி ஒண்ணுதான்.

அந்த மேடு எங்க இருக்குதுன்னு கேக்கறீங்களா? உங்க வீட்டு ஜன்னல்ல இருந்து தெரியாது. தெரியாத எடமாப் பார்த்துத்தான் கொட்டுவாங்க. மாவள்ளிபுரம்னு ஒரு கிராமம். 2012-ல அங்க கொட்டறது நின்னுபோனதும் பெங்களூர் வீதியெல்லாம் குப்பை குமிஞ்சு நாறிச்சு. அப்புறம் மண்டூர். லாரி லாரியா அந்த ஊர் பக்கம் கொட்டினாங்க. தண்ணி கெட்டுது, ஈ மொச்சுது, சனம் நோவுல விழுந்துது. 2014-ல ஊரே ரோட்டுல உக்காந்து மறிச்சப்புறம்தான், அந்த வருசம் டிசம்பர் மாசத்துல இருந்து அங்க லாரி போறது நின்னுது. நானும் கிராமத்தான், அதனால இது எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு குத்தும். நீங்க ஒரு ராத்திரி வெளையாட்டுக்குப் பயப்படறீங்க. அவங்க வருசக்கணக்கா உங்க எச்சில் தட்டோட படுத்து எழுந்தாங்க.

பச்சைத் தொட்டி ஈரக் குப்பைக்கு, சிவப்பு எதுக்கும் ஆகாததுக்கு, பை ஒண்ணு காஞ்ச குப்பைக்குன்னு 2015 டிசம்பர்ல ஹைகோர்ட்டே சொல்லிட்டுது. நம்ம கேட்டுலயும் மூணும் இருக்குது, கலர் மங்காம அப்படியே இருக்குது. குப்பை வண்டியில வர்ற அம்மா கையை விட்டுப் பிரிக்கறதை ஒரு நாள் நின்னு பாருங்க. பரங்கிச் சேறு, உடைஞ்ச பல்பு, நைலான் தாடி, எல்லாம் ஒரே கவர்ல. அந்த அம்மாவைக் கூப்பிட்டு உங்க பேய் வீட்டுக்குள்ள விட்டா கொட்டாவி விடும்.

அடுத்தது வேசம். பிரிட்டன்ல ஹப்பப், ஃபேரிலேண்ட் டிரஸ்ட்னு ரெண்டு அமைப்பு 2019-ல கணக்குப் போட்டுச் சொன்னாங்க: அந்த நாட்டுல ஹாலோவீன் உடுப்புல இருந்து மட்டும் 2,000 டன்னுக்கு மேல பிளாஸ்டிக் குப்பை. கடையில இருந்த உடுப்புங்களைப் பார்த்ததுல 83 சதவீதம் பெட்ரோலியத்துல இருந்து வந்த பிளாஸ்டிக் நூலு. ஒரு ராத்திரி போட்டுக்கற உடுப்பு, சாகாம இருக்கற நூலுல. செத்தவங்க வேசத்துக்குச் சாகாத துணி, பொருத்தம்தான்.

எங்க காவேரிப்பட்டினத்துக்கு ஒரு தடவை வாங்க. மாசி மாசம் சிவராத்திரி கழிஞ்ச அமாவாசையில மயானக் கொள்ளை. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் பொறப்படுவா, சனமும் காளி வேசம் கட்டிக்கிட்டுக் கூடவே போகும். அதுக்கு முன்னால உங்க ஹாலோவீன் எல்.கே.ஜி. மூஞ்சிக்கு மஞ்சளும் குங்குமமும் கரியும், இடுப்புக்கு வீட்டுச் சேலை, கையில வேப்பிலை. வேசத்துல வர்றவன் நேத்து வரைக்கும் நம்மகிட்ட பீடி ஓசி கேட்டவன்தான், ஆனா எதிர்ல வந்தா கால் பின்னால போகும். சுடுகாட்டுல சுண்டலும் கொழுக்கட்டையும் காய்கறியும் சில்லறையும் கூட்டத்து மேல சூறை விடுவாங்க. மடியில புடிக்கறவங்க புடிப்பாங்க, விட்டது தரைக்கு வர்றதுக்குள்ள இன்னொருத்தர் புடிப்பாங்க. வீட்டுக்கும் நெலத்துக்கும் நல்லதுன்னு எடுத்துட்டுப் போவாங்க. தின்னற பொருளைத் தரையில விட்டுட்டு வர்ற பழக்கம் அந்தக் கூட்டத்துக்குக் கெடையாது. இப்போ அங்கயும் பிளாஸ்டிக் கவர் பறக்குது, அது வேற வயித்தெரிச்சல்.

அதனால ரத்தம் பாட்டில்ல வாங்காதீங்க. மஞ்சத் தண்ணியில துளி சுண்ணாம்பு விட்டாச் செக்கச்செவேல்னு ஆயிடும், ஆரத்தித் தட்டுல பார்த்ததில்லையா? அதைத் துணியில தெளிங்க, மூஞ்சியில வேணாம், சுண்ணாம்பு எரியும். மோகினிக்குப் பாட்டி பெட்டியில இருக்கற வெள்ளைச் சேலை. வௌவாலுக்கு, போன மழையில கம்பி ஒடிஞ்ச கறுப்புக் குடை. துணியைப் பாதியா வெட்டித் தோள்ல தெச்சா ரெக்கை தயார், கம்பி, பழைய சாமான் எடுக்கற குஜிரிக் கடைக்கு. பேய் வீடு ஜோடிக்கவும் குஜிரிக்காரனையே புடிங்க. ஓடாத கடியாரம், முகம் தெரியாத கண்ணாடி, கால் ஆடற நாற்காலி எல்லாம் அவன்கிட்ட இருக்குது. ரெண்டு நாள் வாடகைன்னு கேளுங்க, அவன் உங்களைப் பார்த்து முழிக்கறதே பாதித் திகில்.

பேஸ்மெண்ட்ல போன வருசம் தெர்மாகோல்ல கல்லறை செஞ்சு 'இங்கே உறங்குவது ஹோம்வொர்க்'னு எழுதியிருந்துது. நல்லாத்தான் சிரிச்சேன். மழையில அது உதிர்ந்து சின்னச் சின்ன வெள்ளை உருண்டையாச் சாக்கடைக்குள்ள போனதையும் பார்த்தேன். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். நம்ம பிளாக்குல இருக்கற கிறிஸ்தவ வீட்டுக்காரங்க கல்பள்ளி கல்லறைத் தோட்டத்துக்குப் போவாங்க. அதுக்கு முன்னால புல்லு புடுங்கணும், கல்லைக் கழுவணும், சுண்ணாம்பு அடிக்கணும், வயசானவங்களுக்குக் கை கூடாது. கல்லறையில அவ்வளவு ஆசை இருந்தா, வேசம் போட்ட அதே கையோட ஒரு வாளியைத் தூக்கிக்கிட்டுக் கூடப் போங்க. பேய் வேசத்தை மட்டும் கலைச்சுட்டுப் போங்க, அங்க இருக்கறவங்க சங்கடப்படுவாங்க.

இனிப்பு விசயம் சுருக்கமா. அந்த மினுமினு உறை பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒண்ணா ஒட்டினது. எதையும் எடை போடற குஜிரிக்காரன்கூட அதைத் தொடமாட்டான். கடலை உருண்டை, பொரி உருண்டை, கமர்கட்டு இதுங்களை எவர்சில்வர் டப்பாவுல போட்டு வெச்சு, வர்ற பேய்க்குக் கையில குடுங்க. கமர்கட்டு வாயில போட்ட பேய் அரை மணி நேரம் கத்தாது, அது தனி லாபம். மூளை தின்னற ஜாதிப் பேய் ஒண்ணு இருக்குதாமே, ஸோம்பியோ என்னவோ, அதுக்கும் வழி இருக்குது. மாஸ்க் ரோட்டுல 1902-ல இருந்து இருக்கற ஆல்பர்ட் பேக்கரியில மூளை பப்ஸே போடுவாங்க. டப்பா எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா நேரத்தோட போங்க, இந்த ஊர்ல உசுரோட இருக்கறவங்களே மூளைக்கு வரிசையில நிக்கறாங்க.

சரி, வேலையைப் பிரிச்சுக்குவோம். நவம்பர் ஒண்ணாந்தேதி காலையில பரங்கி எல்லாம் மூணாவது மாடிக்கு வந்துடணும். மூஞ்சி எழுதினது ஒரு பக்கம், குடைஞ்சது ஒரு பக்கம். கரி புடிச்ச குடைசல் ரோஜாத் தொட்டிக்கு. முழுசா இருக்கறதுல பாதி புளிக்குழம்புக்கு, பாதி அல்வாவுக்கு. தோலைச் சீவி எறியாதீங்க, துவையலுக்கு ஆகும். மொட்டை மாடியில கொட்டை காய வெக்கறதும் காக்கா ஓட்டறதும் உங்க பொறுப்பு. எனக்குப் பல்லு இல்லாததால வறுத்த கொட்டையில பங்கு வேணாம், அதை அல்வாவுல சேர்த்து ரெண்டு பங்கா எழுதிக்கங்க. மருமக வந்து, சக்கரை இருக்கற மனுசருக்கு யாரு அல்வா குடுத்ததுன்னு கேப்பா. யாருன்னு தெரியலை, வெள்ளைச் சேலை கட்டியிருந்துதுன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லணும்.